என் ஆபரேஷன் ஓகே

முதன்முதலில் அக்கா அந்த வாக்கியத்தைச் சொன்னபோது பாங்க் மேடம் பதறிப்போய், "எந்த ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

நடந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அண்ணனூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் அறையில், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கூடி குவில்ட் தைப்போம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். வெளிநாட்டில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது பாங்க் மேடம் கற்றுவந்த கலை இது. பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்களுக்கு அவர் என்றைக்கும் பாங்க் மேடம்தான். அன்று அவருடைய புது குவில்ட் மேல் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள். யார் வைத்த டம்ளர் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலோரத்து மெஷினிலிருந்து, வேறு தெருவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த அக்காவின் குரல் நிதானமாக வந்தது.

"டீ ஊத்துனது நானு. அங்க வச்சது நான் இல்ல. என் ஆபரேஷன் ஓகே."

பிறகுதான் விளக்கினார். தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினேழு வருஷம் டெய்லராக இருந்தவர் அவர். அங்கே ஒரு சட்டையை ஒருத்தியே தைப்பதில்லை. காலர் ஒருத்தி, பாக்கெட் ஒருத்தி, பட்டன் ஒருத்தி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியின் வேலைக்கும் ஆபரேஷன் என்று பெயர். அக்காவுடைய ஆபரேஷன், இடது கை. பதினேழு வருஷமும் சட்டைக்கு இடது கையை மட்டும் மூட்டிக்கொண்டிருந்தார்.

"முழு சட்ட ஒண்ணுகூட தெச்சது இல்லம்மா. காலர் எப்டி வைக்கறதுனு கேட்டீனா எனுக்குத் தெரியாது" என்று சிரிப்பார்.

லைனில் அவருக்குப் பெயரே லெஃப்ட் கை. நாங்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்து லெஃப்ட் கை அக்கா ஆக்கினோம். என் போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். நான்கு வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தால், அவருடைய உண்மையான பெயரைக் கேட்ட ஞாபகமே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருப்பவள். அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். தப்பைக் கொண்டுபோய்க் காட்டினால் எங்கள் ஆபீஸிலும் இதே பதில்தான் வரும். 'என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!' என்பார்கள். ஊருக்கு ஊர் பாஷைதான் வேறு.

எல்லாவற்றுக்கும் அந்த வாக்கியம் அவருக்குப் பொருந்தும். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் ஒத்தாசைக்கு வீட்டுக்கு வந்தார். சாம்பாரில் உப்பு தூக்கலாகப் போய்விட்டது. என் கணவர் முகத்தைச் சுளித்ததும், "காய் அரிஞ்சது நானு. உப்பு போட்டது உன் ஊட்டுக்காரி. என் ஆபரேஷன் ஓகே நைனா" என்றார். என் கணவர் புரையேறச் சிரித்தார். அதிலிருந்து எங்கள் வீட்டிலும் பால் பொங்கினால், பைக் சாவி தொலைந்தால் அதுதான் வசனம்.

ஆனால் தையலில் அவரிடம் கற்றுக்கொண்டதைப் பாங்க் மேடம்கூடச் சொல்லித் தந்ததில்லை. தையல் கோணிக்கொண்டு போகிறதே என்று நான் அழாத குறையாக நின்றபோது, என் தலையை ஒரு விரலால் இடப்பக்கம் திருப்பிவிட்டு, "ஊசியப் பாக்காத. ஊசி அதும்பாட்டுக்கு ஓடிகினுதான் இருக்கும். துணி ஓரத்தப் பாரு" என்றார். அன்றோடு என் தையல் நேரானது. யார் மெஷினில் நூல் அறுந்தாலும் எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வருவார். நன்றி சொன்னால் காதில் வாங்காதவர் மாதிரி போய்விடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு துண்டைத் தைத்து முடித்ததும், தலை நிமிராமல் அதை வலப்பக்கம் தள்ளிவிடுவார். கம்பெனியில் வலப்பக்கத்து டெய்லர் அதை எடுத்துக்கொள்வாள். இங்கே அவருக்கு வலப்பக்கம் யாரும் இல்லை. துண்டு தரையில் விழும். குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அடுத்த துண்டையும் அப்படியே தள்ளுவார். பார்க்கச் சகிக்காமல் இரண்டாவது மாதம் நான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முதல் துண்டு என் மடியில் விழுந்தபோது திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு யாரையோ எதிர்பார்த்த முகம் அது.

குழுவாகச் சேர்ந்து ஒரு மரம் குவில்ட் செய்வதென்று முடிவானது. ஆளுக்குப் பன்னிரண்டு இலை. ஒவ்வொரு இலையும் இரண்டு பாதி. இடது பாதி ஒரு சரிவு, வலது பாதி மறு சரிவு, நடு நரம்பில் இரண்டும் சேரும். அக்கா அடுத்த வாரமே பன்னிரண்டு இடது பாதிகளைக் கொண்டுவந்து வைத்தார். நுனி ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. எங்களில் யாருக்கும் அப்படி வராது.

"மீதிப் பாதி எங்கம்மா?" என்றார் பாங்க் மேடம்.

"அது ரைட்டு மேடம். என் ஆபரேஷன் இல்ல."

"இது கம்பெனி இல்லம்மா, கலை. ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒருத்தரே பண்றதுதான் இதுல அழகே."

"இர்க்கட்டும் மேடம். ரைட்டு ஆளு வருவா."

நாங்கள் சிரித்தோம். வரப்போவது யாரோ பழைய கம்பெனித் தோழி என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் பன்னிரண்டுக்கும் வலது பாதியை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததும் உண்டு. நான் வராத ஒரு சனிக்கிழமை, அவர் தள்ளிவிட்ட துண்டு தரையில் கிடக்க, பாங்க் மேடம் அதில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது அக்காவும் வந்தார். "நான் பாஸ் பண்ணேன். எடுக்க வேண்டியவங்க எடுக்கல" என்றார், கால் கட்டைப் பார்த்துக்கொண்டே. ஒரு 'மன்னிச்சிடுங்க' சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாதவருக்கு மன்னிப்பும் கேட்கத் தெரியாது என்று முடிவு கட்டினேன்.

என் முடிவு எவ்வளவு தூரம் சரி என்று ஒரு ஸ்டிக்கர் காட்டிக்கொடுத்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கரண்ட் இல்லை. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிவந்த துணியைப் பிரித்து, அதிலிருந்த ஸ்டிக்கரைக் கீழே போட மனமில்லாமல் என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து அதைப் பிய்த்தார். தோலே எரிந்தது.

"இன்னா பழக்கம் இது? கைல ஒட்டாத" என்றார். பிய்த்ததைக் கசக்கித் தூர எறிந்தார். நான் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். அப்போதுதான் சொன்னார்.

"ரைட்டு கை எம் பொண்ணும்மா. கௌரி. நான்தான் கம்பெனில சேத்து உட்டேன். எனுக்குப் பக்கத்து மெஷினு. நான் லெஃப்ட மூட்டித் தள்ளுவேன், அவ ரைட்ட மூட்டுவா. மூணு வருசம். ஒரு பீஸு கீழ உழுந்தது இல்ல."

கம்பெனியில் சட்டைக் கைகள் கட்டுக்கட்டாக வரும். கட்டின் மேல் சைஸ் ஸ்டிக்கர் இருக்கும். பிரிக்கும்போது அதை எடுத்து மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வார்கள். ஒருநாள் நாற்பது சைஸ் சட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கவனிக்காமல் நாற்பத்திரண்டு சைஸ் இடது கைக் கட்டைப் பிரித்து மூட்டிவிட்டார். கௌரி சரியான வலது கையை எடுத்து மூட்டினாள். அந்தக் கட்டு முழுவதும் சட்டைகளுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"இன்சார்ஜ் சட்டய தூக்கிகினு வந்து 'ரைட்டு கை ஏன் கட்டையா கீது'ன்னான். எது நீளம், எது கட்டைனு அளந்து பாக்கல. கண்டெய்னர் வாசல்ல நிக்குது. மொதல்ல என்னத்தான் கேட்டான். 'என் ஆபரேஷன் ஓகே சார்'னுட்டேன். வாய்ல வந்திடிச்சு. சொல்லிட்டு கையப் பாக்கறேன், நாப்பத்திரெண்டு ஸ்டிக்கரு ஒட்டிகினு கீது. தல நிமுந்தா, கௌரியும் அதத்தான் பாத்துகினு கீறா."

"உடனே மாத்திச் சொல்லியிருக்கலாமேக்கா. நேரம் இருந்திருக்காது..."

"இருந்திச்சு" என்றார். "அவன் அவளத் திட்டி, மெஷின ஆஃப் பண்ணச் சொல்லி, அவ பைய எட்துகினு கம்பெனி கேட்டாண்ட போற வரிக்கும் நேரம் இருந்திச்சு. வேல போய்டும்னு பயம். நான் வாயத் தொறக்கல."

அன்றே எல்லாக் கைகளையும் பிரித்து வேறு கை வைத்து அனுப்பிவிட்டார்கள். தப்பு யாருடையது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போயிற்று. வேலை போனதற்காகக் கௌரி அழவில்லை. வீட்டில் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, "ஸ்டிக்கர் யார் கைல இருந்திச்சு? எங்கிட்டயாவது சொல்லு" என்று கேட்டாள். அக்கா அவளிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். சில மாதங்களில் கௌரி தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு கரையான்சாவடிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அக்கா இரண்டு தடவை தேடிப் போனார்.

"கதவத் தொறக்கல. உள்ளேர்ந்தே, 'தப்பு யாருதுனு ஒரு வார்த்த சொல்லு, தொறக்கறேன்'னா. நின்னு நின்னு பாத்தேன். வாய் வர்லமே எனுக்கு. வந்துட்டேன்."

அந்தக் கம்பெனியும் பிறகு மூடிப்போய் எங்கோ இடம் மாறிவிட்டது. ஏழு வருஷமாக அந்த வாக்கியம் மட்டும் அவர் வாயில் மிச்சம். அதை வைத்து என் வீட்டில் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு தகவல் வந்தது. கௌரிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மூன்று மாதத்தில் முதல் பிறந்தநாள் என்று அவள் பழைய தோழி யாரோ சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை அக்கா ஒரு பை நிறையத் துணியோடு வந்தார்.

"கொழந்தைக்கு ஒரு குவில்ட்டு. பதினாறு எல. ரெண்டு பாதியும் நானே தெக்கப் போறேன்" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "ரைட்டு பாதி நான் தெச்சதுனு அவ தொட்டா தெரிஞ்சிக்குவா. வாயால வராதது கையாலயாவது வர்ட்டும்."

பதினாறு இடது பாதிகளை ஒரே காலையில் முடித்துவிட்டார். வலது பாதிக்கு வந்ததும் கை மக்கர் செய்தது. துணியை மறுபக்கமாகத் திருப்பித் தள்ள வேண்டும். பதினேழு வருஷம் ஒரே பக்கம் தள்ளிய கை, அவரை அறியாமல் பழைய பக்கமே திரும்பியது. தைப்பார், பிரிப்பார், மறுபடி தைப்பார். துணியில் ஊசித் துளைகள் சல்லடையாகிவிட்டன. இரண்டு மாதத்தில் ஆறு வலது பாதிகள் தேறின. ஆறும் கோணல். நுனி சேரவில்லை, நரம்போரம் சுருங்கியிருந்தது. தையல் பழக வந்த முதல் வாரத்தில் நான்கூட அப்படித் தைக்கவில்லை.

"கோணலாத்தான் கீது" என்றார் ஆறாவதை நீவிக்கொண்டே. "ஆனா என்னுது."

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். பை அசோசியேஷன் அறையிலேயே இருந்தது. "பாவம், எப்ப முடிப்பாங்க? நாமளே முடிச்சுக் கொடுத்துடுவோம்" என்றார் பாங்க் மேடம். அவருக்குக் கதை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். அழகாக இருந்தால் மகள் மனசு இளகும் என்று நினைத்தேன். அந்த ஆறு கோணல் பாதிகளையும் பிரித்தவள் நான்தான். குறையோடு ஒன்றை வெளியே அனுப்ப என் தொழில் புத்திக்குப் பொறுக்கவில்லை. நான்கு நாளில் வலது பாதி பதினாறையும் புதிதாகத் தைத்து, பஞ்சு வைத்து, ஓரம் கட்டி முடித்தோம். வாட்ஸப்பில் படம் போட்டதும் வேறு குடியிருப்புக் குழுக்களிலிருந்தெல்லாம் பாராட்டு வந்து குவிந்தது.

பிறந்தநாளுக்கு முதல் நாள் அக்கா காய்ச்சல் முகத்தோடு வந்தார். எல்லோரும் கைதட்டினோம். குவில்ட்டை மடியில் விரித்து, ஒவ்வொரு இலையின் வலது பாதியிலும் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார். பதினாறாவது வரைக்கும் போய் நிறுத்தினார்.

"ஆறு இருந்திச்சே?"

"பிரிச்சிட்டுப் புதுசா வச்சோம்க்கா."

"பிரிச்ச துணி?"

"குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு."

அவர் என்னை மட்டும் பார்த்தார். பிறகு, "நல்லா தெச்சிகீறீங்கோ. சுருக்கமே இல்ல" என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மறுநாள் பிறந்தநாள் என்பதால் இனி எதுவும் செய்வதற்கில்லை. மடித்து என் கையிலேயே கொடுத்தார். "நான் போனா தொறக்க மாட்டா. நீ எட்துகினு போ."

கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடிப்போர்ஷன். கௌரி கதவைத் திறந்து, யார் என்று சொன்ன பிறகும் என்னை உட்காரச் சொன்னாள். அம்மாவின் அதே அகலமான நெற்றி. கேசரி கொடுத்தாள். குழந்தை புதுச்சட்டையோடு தவழ்ந்துவந்து என் காலைப் பிடித்தது. நான் குவில்ட்டைக் கட்டிலில் விரித்தேன். அவள் முதலில் அதைத் திருப்பிப் போட்டுத்தான் பார்த்தாள், தையல்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல. பிறகு நேராக்கி, இடது பாதி ஒன்றின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் விரல் நரம்பைத் தாண்டி வலது பாதிக்குப் போனது. அடுத்த இலைக்கு. அதற்கடுத்த இலைக்கு.

"லெஃப்ட்டு எல்லாம் அம்மா. ரைட்டு யாரு?"

"நாங்க... குழுவுல இருக்கறவங்க."

"ஒண்ணுகூட அவங்க தெக்கலையா?"

"ஆறு தெச்சாங்க, கௌரி. ரெண்டு மாசம் கஷ்டப்பட்டு. கோணலா இருக்குன்னு நாங்கதான் பிரிச்சிட்டோம்."

"அப்டி சொல்லச் சொன்னாங்களா?"

"சத்தியமா இல்ல."

"எங்க அந்த ஆறு?"

குப்பை வண்டியை எப்படிச் சொல்வது? அவள் குவில்ட்டைச் சுருக்கம் விழாமல் பதவிசாக மடித்து என் பையில் வைத்தாள்.

"ரைட்டு ஒண்ணே ஒண்ணு அவங்க தெச்சது இருந்தா வாங்கியிருப்பேன் மேடம், எவ்ளோ கோணலா இருந்தாலும்" என்றாள். "இதுலயும் அவங்க ஆபரேஷன் ஓகேதான்."

ஆவடி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ரயிலில் அண்ணனூரில் இறங்கினேன். அக்கா ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தார். என் தோளில் பை உப்பியிருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"கொழந்த எப்டி கீது?"

"நல்லா இருக்குக்கா. உங்க நெத்தி."

"அவ பாத்தாளா?"

"பாத்தா. லெஃப்ட்டு நீங்க தெச்சதுன்னு தொட்டதுமே சொல்லிட்டா."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "அப்பறம் ஏன் திருப்பிக் குட்த்தா? ரைட்டப் பத்தி எதுனா சொன்னாளா?"

சொன்னதைச் சொன்னால், அந்த ஆறைப் பிரித்த என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன்.

"மனசு ஆறல போல" என்று பையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவே இல்லை. சில மாதங்களில் வீட்டையும் காலிசெய்துவிட்டார். அந்த நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை.

அன்று ரயில்வே கேட்டைத் தாண்டி அவர் தெரு முனை வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தோம். காய்ச்சலில் எழுந்தவர், மெதுவாகத்தான் நடந்தார். சொல்ல நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.